துடக்கு வீட்டு அணில்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வீட்டு அணில் கூட்டுக்குள் பக்கவாட்டில் விழுந்து உதறியது. பள்ளிக்கூட வான் ஏழு மணிக்கு வரும். என் மகள் ஆரணி ஒரு பின்னலை முடித்துவிட்டு, மற்றப் பின்னலுக்கான ரிபனைப் பல்லில் கடித்துக்கொண்டு, அணிலுக்கு வாழைப்பழம் வைக்கச் சாமான் அறைக்குப் போயிருந்தாள். "அம்மா!" என்று ஒரு குரல் வந்தது. ஏறக்குறைய நான்கு கிழமைக்கு முன்பு, அவளுடைய அப்பா குளியலறை வாசலில் சரிந்தபோது வந்த அதே குரல்.

புதிதாக நியமனம் பெற்று இந்த மாவட்டத்துக்கு வந்திருக்கும் இளம் கால்நடை வைத்தியர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். மாடுகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். வேலைக் காலம் முழுக்க நான் பார்த்தது மாடும் ஆடும்தான். ஆனால் உங்கள் மேசைக்கு இனிமேல் அதிகமாக வரப்போவது நாய், பூனை, கிளி, முயல், இடைக்கிடை ஓர் அணில். என் கடைசி நோயாளியும் ஓர் அணில்தான். கந்தோருக்கு, அந்தக் கால்நடை அலுவலகத்துக்கு, வந்த நோயாளி அல்ல. என் வீட்டு நோயாளி.

அதன் பெயர் கச்சான்; நிலக்கடலைக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர். என் கணவர் கோப்பாயில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். கடையின் மேல் தட்டில் பழைய பிரேக் கட்டைப் பெட்டி ஒன்றுக்குள், எண்ணெய் துடைக்கிற பஞ்சை இழுத்து இழுத்து ஓர் அணில் கூடு கட்டியிருந்தது. தாயைப் பூனை கொண்டுபோய்விட்டது. கண் திறக்காத குஞ்சு ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை அவர் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்.

"டொக்டர் அம்மா, ஒரு கேஸ் கொண்டுவந்திருக்கிறன். ஃபீஸ் எவ்வளவு?"

"நான் வேலையை விட்டுட்டன். வேறை ஆளைப் பாருங்கோ."

"வேறை ஆளைப் பாக்கத்தான் இருந்தனான். அவை எல்லாம் மாட்டு டொக்டர்மார் எண்டு சொல்லிச்சினம்."

நான் ஓய்வு வயதுக்கு முன்பே சேவையிலிருந்து விலகியவள். முழங்கால் ஒரு காரணம். இனிமேலாவது பின்னேரத்தில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்று அவர் சொன்னது மற்றக் காரணம். அந்தப் பின்னேரங்கள் எங்களுக்குக் கிடைத்தன. கிழக்கு விறாந்தையில் நான்கு புறமும் கம்பி வலை அடித்து, கொய்யாக் கொப்பு ஒன்றைக் குறுக்கே கட்டி, தேங்காய்ச் சிரட்டையில் தும்பு அடைத்து கச்சானுக்கு அவரே வீடு கட்டினார். காலை வெய்யில் அதற்குள் விழும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் கடலை அளவு கிள்ளிக் கொடுப்பார். வேலியின் ஓலைக் கிடுகில் கறையான் ஏறினால் ஆரணியும் அவரும் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு போய்த் தட்டி எடுத்து வருவார்கள். முளைத்த பயறு, கொய்யா, சில நாள் முருங்கையிலை. நான் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வால் பூந்துடைப்பம் மாதிரி விரிந்து நிற்கும். "பாத்தியே, என்ரை தலையிலை இல்லாதது அவனுக்கு இருக்கு" என்று தன் வழுக்கையைத் தடவிக்காட்டுவார்.

பிறகு அவர் இல்லாமற்போனார்.

எங்கள் பகுதியில் ஒரு சாவு நடந்தால் உரிமைக்காரருக்குத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயிலுக்குப் போவதில்லை, வீட்டில் மச்சம், முட்டைகூட, சமைப்பதில்லை. சில வீடுகளில் எட்டாம் நாளோடு இளக்கம் கொடுப்பார்கள். என் கணவரின் தமையன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அந்த வழிக்கு வரமாட்டார். பண்டத்தரிப்பில் இருந்துகொண்டு முழுச் சடங்கையும் அவர்தான் கொண்டு நடத்தினார். வேலிக்கு அப்பால் இருக்கும் ரீச்சர் அக்கா மெதடிஸ்த சபைக்காரர். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியோடு கொடுக்கட்டும் என்று ஒரு பட்டர் கேக் செய்து கொண்டுவந்தார். அத்தான் எழுந்து கை கூப்பினார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. முட்டை போட்டதெல்லோ?"

"ஐயோ, ஓம். மறந்தே போனன்."

அடுத்த நாள் ரீச்சர் அக்கா முட்டை போடாமல் வாய்ப்பன் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்தார். அத்தான் அதில் இரண்டைத் தானே எடுத்துச் சாப்பிட்டு, அந்த மனக்கசப்பை அப்படியே துடைத்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதர் அவர்.

விறாந்தை முழுக்கக் கதிரைகள் போட வேண்டியிருந்ததால், கச்சானைப் பழைய கிளிக்கூடு ஒன்றில் போட்டுப் பின்னுக்குச் சாமான் அறையில் வைத்தோம். அரிசி மூட்டைக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில். ஒரு சின்ன யன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. நாலு நாளைக்குத்தானே என்று வைத்தது அப்படியே நின்றுவிட்டது. சாப்பாடு ஆரணியின் பொறுப்பு. அவள் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. தகப்பன் செய்ததைத் தான் செய்வேன் என்றாள். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல், முடிந்த பிறகுதான் முதுகில் முடி உதிர்ந்து ஐதானதைக் கவனித்தேன். பிறகு விலாவில். பிறகு வால் எலி வால் மாதிரி ஆனது. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். சொறிப் பூச்சியா என்று தோலைச் சுரண்டி, பழைய கந்தோரில் வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. படர்தாமரையா என்று பார்த்தேன். இல்லை. துக்கத்தில் தானே பிடுங்குகிறதோ என்றுகூட நினைத்தேன். எனக்கே தலைமுடி கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தோல் நோயைத் தோலில் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரியோடு கரவெட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். நல்ல கறவை மாடு, திடீரென்று பால் இறங்கவில்லை. நான் மடியைப் பிசைந்து பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், சாணத்தைப் பார்த்தேன், வைக்கோலை மணந்து பார்த்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரியிடம் கதைகொடுத்தார்.

"வீட்டிலை ஆர் புதுசா இல்லை?"

"மூத்தவள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போட்டாள், டொக்டர்."

"மாட்டிலை பால் கறந்தது ஆர்?"

"அவள்தான்."

"அப்ப மாட்டுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டெல்லோ போயிருக்க வேணும்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவின் பழைய சட்டையைத் தங்கச்சி போட்டுக்கொண்டு, அக்கா இருந்து கறக்கிற பக்கத்திலேயே குந்தியிருந்து கறந்து பார்க்கச் சொன்னார். பால் இறங்கியது. ஊசி போடாமல், மருந்து எழுதாமல் திரும்பி வந்தோம். அவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டே முறுக்குத் தின்றார். எனக்கு அந்த நாள் மிகவும் பிடித்திருந்தது. வேலை என்றால் இப்படித்தான் இருக்கும், வாழ்நாள் முழுக்க இப்படிச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம் என்று நினைத்தேன். எத்தனையோ வீடுகளில் அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். கேட்காத ஒரே வீடு என்னுடையது. ஏனென்றால் அந்த வீட்டில் யார் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்த பதிலை யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலை ஆறே முக்காலுக்குத் திரும்பி வருகிறேன். உதறிக்கொண்டிருக்கும் மிருகத்தின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதை மட்டும் கை மறக்கவில்லை. என் கணவரின் பழைய பெனியனால் சுற்றி, வெளிச்சம் குறைத்து, மடியில் வைத்துக்கொண்டேன். உதறல் நின்றதும் பின்னங்கால்கள் துணி மாதிரிக் கிடந்தன. மூச்சு இருந்தது. வெளியே வான்காரர் ஹோர்ன் அடித்தார். ஆரணி அசையவில்லை. ஒரு பின்னலோடு நின்றாள்.

"சாகப்போறாரே அம்மா?"

உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். நான் ஆயிரம் தடவை பதில் சொன்ன கேள்வி. அன்று அந்தப் பதிலை இன்னொருவரிடம் கேட்கப் போனேன். முன்பு என்னிடம் பயிற்சிக்கு வந்து, இப்போது சொந்தமாக நாய் பூனைக்கென்று சிகிச்சை நிலையம் நடத்தும் ஒரு பிள்ளைக்குக் கைபேசியில் எடுத்தேன்.

"மிஸ், நீங்களே டொக்டர். என்னைக் கேக்கிறியள்?"

"என்ரை வீட்டிலை நான் டொக்டர் இல்லை. நீ கேள், நான் சொல்லுறன்."

அவள் கேட்டாள். வயது, எடை, உதறல் எவ்வளவு நேரம், கால் உணர்ச்சி உண்டா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

"எங்கை வைச்சிருக்கிறியள்? வெய்யில் படுதோ?"

"சாமான் அறையிலை. ஒரு கிழமை..." நிறுத்தினேன். ஒரு கிழமை இல்லை. ஒரு மாதம்.

"என்ன தின்னுறவர்?"

"வழக்கமாத் தின்னுறதுதான்."

"மிஸ், கோவிக்கக்கூடாது. 'வழக்கமா' எண்டு சொல்லுற ஆளை நம்பாதை எண்டு எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான்."

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தேன்.

"பிள்ளை, கச்சான் கடைசியா எப்ப முட்டை திண்டவர்?"

அவள் ரிபனைச் சுருட்டினாள்.

"ஆரணி."

"அப்பா செத்த அண்டைக்குக் காலமை. அப்பாதான் குடுத்தவர்."

"அதுக்குப் பிறகு?"

"குடுக்கேல்லை."

"கறையான்?"

"அதுவும் மச்சம்தானே."

"அப்ப என்ன குடுத்தனீ?"

"சோறு. வாழைப்பழம். றஸ்க். எட்டுக்கு அவிச்ச மோதகத்திலை கொஞ்சம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே." பிறகு, நான் ஏசப்போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, குரலை உயர்த்தினாள். "அவரும் எங்கடை வீட்டு ஆள்தானே! அப்பாவின்ரை பொக்கற்றுக்குள்ளை வந்தவர். எங்கள் எல்லாருக்கும் துடக்கெண்டால் அவருக்கும் துடக்குத்தானே!"

கைபேசிக்குள்ளிருந்து, "மிஸ், கல்சியம் கிடக்கோ?" என்று மெதுவாகக் கேட்டது.

கிடந்தது. குளிரூட்டிக் கதவில், ஆட்டுக்கு வாங்கியதில் மிச்சம். அணிலின் எடைக்கு அளவை அவள் ஒரு தடவை கணக்குப் பார்த்தாள், நான் ஒரு தடவை பார்த்தேன். இரண்டும் ஒன்றானதும், தேன் தண்ணீரில் கலந்து கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். விழுங்கியது. மடியில் வைத்துக்கொண்டே விறாந்தை வெய்யிலுக்குக் கொண்டுபோனேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியது. ஆனால் தின்னவில்லை. தயிர் வைத்தேன், முளைப்பயறை நசித்து வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தானா ஏதாவது தின்ன வேணும், மிஸ். குஞ்சிலை இருந்து தின்ன சாமானாப் பாத்துக் குடுங்கோ. முட்டைக் கருவெண்டால் திறம்."

எங்கள் வீட்டில் முட்டை இல்லை. வேலியால் ரீச்சர் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஏன் என்று கேட்காமல் தன் குசினியில் அவித்து, கைலேஞ்சித் துணியில் சுற்றி நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஆரணி விறாந்தைப் படியில் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றாள்.

"கொண்டுவரக்கூடாது."

"பிள்ளை, உவர் செத்துப்போவார்."

"பெரியப்பா சொன்னவர், இடையிலை முறிச்சால் அப்பா போய்ச் சேரமாட்டாராம். இன்னும் நாலு நாள்தானே அம்மா. நாலே நாள். அதுக்குப் பிறகு நான் எவ்வளவெண்டாலும் குடுக்கிறன்." அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்பா பாதியிலை நிண்டால் ஆர் போய்க் கூட்டிக்கொண்டு போறது?"

இளம் பிள்ளைகளே, மருந்து தெரிந்திருப்பது எங்கள் வேலையின் பாதி. மற்றப் பாதியை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போக எனக்கு ஒரு கை போதும். போனால் அணில் பிழைக்கலாம். ஆனால் பிழைத்த அணிலைப் பார்க்கும்போதெல்லாம், தகப்பனை வழியில் நிறுத்திவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். போகாமல் விட்டு அணில் செத்தால், தான்தான் கொன்றேன் என்று நினைக்கும். நான் வைத்தியராக நிற்பதா தாயாக நிற்பதா என்று தெரியாமல், முட்டையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், கிணற்றுக்கட்டில் வைத்தேன். வைத்துவிட்டு அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே கதைக்கவில்லை. "வாறன்" என்றார். வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் கோபமா இரக்கமா என்று பிடிபடவில்லை. கேக்கைத் திருப்பி அனுப்பிய மனிதர்.

கச்சானுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தொழில்காரர்கள் நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள். அது பிழைத்தது. விறாந்தைக் கூட்டுக்கே திரும்பிப் போனது. முதலில் விலாவில் பஞ்சு மாதிரிப் புதுமுடி வந்தது, வால் கடைசியாக. இடது பின்னங்கால் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும். கொய்யாக் கொப்பைப் பதிவாகத் தாழ்த்திக் கட்டியிருக்கிறோம். பழமும் றஸ்க்குமாக வளரும் குட்டி அணிலுக்கு எலும்பு இளகும், முடி உதிரும். வெய்யில் இல்லாவிட்டால் இன்னும் விரைவாக. அது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் அல்ல. கேள்வியைக் கேட்டிருந்தால், முதுகில் முடி ஐதான அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆகவே யாராவது கூட்டோடு வந்து உங்கள் மேசை முன் நின்றால், என்ன தின்கிறது என்று கேளுங்கள். பிறகு, அதை வைப்பது யார் என்று கேளுங்கள். பிறகு, வீட்டில் கல்யாணமா, சாவா, விரதமா, பள்ளிக்கூடச் சோதனையா, யாராவது வெளிநாடு போனார்களா என்று கேளுங்கள். பெரியவர்கள் "வழக்கமா" என்று சொன்னால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் திரும்பிக் கேளுங்கள்.

ஆனால் அந்தக் காலையில் இதொன்றும் தெரியாது. நானும் மகளும் விறாந்தைப் படியில் இருந்தோம். வெய்யில் ஏறிக்கொண்டிருந்தது. பெனியனுக்குள் அதன் இதயம் என் உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது. தைத்துக்கொண்டிருக்கும் மெஷின் ஊசி மாதிரி. ஆரணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய மற்றப் பின்னலைப் பின்னிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மோட்டார் சைக்கிள் வேலி வாசல் படலைக்கு வெளியே நின்றது. தம்பி இறந்த நாளிலிருந்து சவரம் செய்யாத தாடி, வெள்ளை வேட்டி. அத்தான் எங்களைப் பார்த்துவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. கைலேஞ்சிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டார் என்று விளங்கியது. ஆரணி எழும்பிப் படியின் நடுவில் நின்றாள்.

ஈரக் காலோடு அவர் வந்தார். கையில் அந்தப் பொட்டலம் இருந்தது. படிக்குக் கீழே, அவளுக்கு முன்னால் குந்தினார்.

"உது ஆருக்கு?"

"கச்சானுக்கு. அம்மா குடுக்கப் பாத்தவா. நான் விடேல்லைப் பெரியப்பா."

"ஏன் விடேல்லை?"

"அப்பா போய்ச் சேர வேணுமெல்லோ."

அவர் பெனியனுக்குள் தெரிந்த அந்த முடியில்லாத முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாடியை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார். பிறகு கைலேஞ்சியை அவிழ்த்து, முட்டையைப் படியிலேயே தட்டி உடைத்து, கோது உரித்து, மஞ்சள் கருவைப் பிரித்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"உன்ரை அப்பாவைக் கொண்டுபோய்ச் சேக்கிறது என்ரை வேலை, பிள்ளை. பட்டினி கிடக்கிறதெண்டால் அதுக்கும் நான் இருக்கிறன். ஆனால் கச்சானை இப்பிடிக் கிடத்திப்போட்டு என்ரை தம்பி ஒரு அடியும் எடுத்து வைக்கமாட்டான். அவன் இவ்வளவு நாளும் உந்தப் படலையடியிலை நிண்டுகொண்டுதான் இருந்திருப்பான். குடு, குடு. அவன் போகட்டும்."